கம்யூனிட்டி காலேஜிலிருந்தும் வெளிநாடு போகலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டாண்டுக் கல்லூரியில், படித்துக்கொண்டே ஒரு பருவம் வெளிநாட்டில் படிக்கலாம் என்பது அங்குள்ள நம் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதே இல்லை. பெல் மானியம் (வசதி குறைந்த மாணவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் படிப்பு உதவி) பெறும் அமெரிக்கக் குடியுரிமை மாணவர்களுக்கு, வெளிநாட்டில் படிக்க அந்த அரசே தரும் கில்மன் உதவித்தொகை 5,000 டாலர் வரை உண்டு. இரண்டாண்டுக் கல்லூரியினரும் விண்ணப்பிக்கலாம்.

காரியம் முதலில் தடுமாறுவது பாஸ்போர்ட்டில்தான். டிஎஸ்-11 என்ற பாஸ்போர்ட் விண்ணப்பப் படிவத்தில் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. விண்ணப்பத்தை வாங்கும் அலுவலர் முன்னால்தான் போட வேண்டும். குழந்தையின் பாத அச்சு பதித்து மருத்துவமனை நினைவாகத் தரும் தாள் செல்லாது. அரசு முத்திரையுள்ள பிறப்புச் சான்றிதழே வேண்டும். புகைப்படம் 2 அங்குலச் சதுரம், மூக்குக் கண்ணாடி இல்லாமல்.

அதைவிடப் பெரிய அடி கிரெடிட்டில், அதாவது பாடத்துக்குக் கிடைக்கும் மதிப்பு அலகில், விழுகிறது. வெளிநாட்டில் படித்து, சொந்தக் கல்லூரி ஏற்றுக்கொண்ட பாடத்தை, பிறகு நீங்கள் மாறிச் சேரும் பல்கலைக்கழகம் மறுக்கலாம். ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் இரு இடத்திலும் காட்டி, புறப்படும் முன்பே எழுத்துமூலம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள், வாய்வார்த்தை போதாது. பருவத்துக்கு 12 கிரெடிட்டுக்குக் கீழே போனால் பெல் தொகையும் குறையும்.

ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்) 90 நாளைத் தாண்டித் தங்க விசா தேவை. விசாவுக்காகத் தூதரகத்தில் சந்திக்கும் நேரத்தை முதலில் பதிவு செய்யுங்கள், விமானச் சீட்டு அப்புறம்.

வாசகர்,
சான் ஹோசே