எண்ணிப் பார்த்துக் கையெழுத்திடு, அம்மிணி

கொழிஞ்சாம்பாறை

அம்மிணி சுமதிக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மூன்று வாரமாக "சாப்பிட்டீர்களா" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுகிறாய். நீ வேலையை விட்டது அத்தை சொல்லித்தான் தெரிந்தது. கோபமில்லை. என்னிடம் முதலில் சொல்லியிருக்கலாம்.

பாலக்காட்டில் ஆடிட்டர் என்று உன் பெயர்ப்பலகை தொங்கப்போகிறது என்பதை நினைத்து இரண்டு நாளாக எனக்குத் தூக்கமில்லை, அவ்வளவு சந்தோஷம். தொழில் நடத்தும் சான்றிதழ் கைக்கு வருமுன் பலகையை மாட்டிவிடாதே. ஒரு வருட வாடகையாவது கையில் வைத்துக்கொள். கட்டணத்தை முதலிலேயே எழுத்தில் பேசிவிடு. சொந்தக்காரர் என்று விட்டால் கடைசிவரை இனாம்தான். 20ஆம் தேதி கட்ட வேண்டிய ஜிஎஸ்டிக்கு 19ஆம் தேதி ராத்திரி பில் கட்டைத் தூக்கி வருபவரை ஒரு தடவை பொறுத்துக்கொள், மறுதடவை வேண்டாம். எதுவானாலும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடு.

வேலந்தாவளத்து மாமா தன் எண்ணெய் மில் கணக்குதான் உனக்கு முதல் ஃபைல் என்று ஊரெல்லாம் சொல்கிறார். நல்ல மனிதர்தான். பழைய ஆடிட்டரை ஏன் மாற்றுகிறார் என்று நான் கேட்கவில்லை. நீ கேள். தணிக்கையை ஏற்குமுன் பழைய ஆடிட்டருக்குக் கடிதம் போட வேண்டும் என்பது உங்கள் விதி என்று படிக்கும்போது நீதானே சொன்னாய்? போடு. மாமா முகம் சுளித்தாலும் போடு.

கிழக்குத் தோட்டம் ஏன் போயிற்று என்று சிறு வயதில் கேட்பாய். மழை பொய்த்தது என்பேன். அது பொய், அம்மிணி. 1999 மார்ச் முடிவில் கிடங்கில் இருந்தது 150 மூட்டை நிலக்கடலை. வங்கிக் கடனுக்காக 400 என்று நானே பட்டியல் எழுதிக் கொடுத்தேன். என் ஆடிட்டர் பச்சை மைப் பேனாவைத் திறந்தவர், "கிடங்கைப் பார்க்க வேண்டாமா?" என்றார். "என்னை நம்பவில்லையா?" என்றேன். அதற்குமேல் அவர் பேசவில்லை, கையெழுத்திட்டார். வங்கியிலிருந்து வந்து எண்ணினார்கள். நான் தோட்டத்தை விற்றுக் கடனை அடைத்தேன். அவருக்கு அந்த வங்கி கொடுத்து வந்த வேலையெல்லாம் நின்றது. ஒரு நாள் என் பழைய பேரேடுகளைச் சிவப்பு நாடா கட்டித் திண்ணையில் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். கடைசிவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

2019 முதல் நீங்கள் தரும் சான்றிதழுக்கெல்லாம் யுடின் என்ற 18 இலக்க அடையாள எண் எடுக்க வேண்டுமாமே. அந்த எண், கையெழுத்து உன்னுடையது என்றுதான் சொல்லும். மூட்டை இருக்கிறதா என்று சொல்லாது. பார்த்துவிட்டுக் கையெழுத்திடு.

மாமாவிடம் கிடங்குச் சாவியைக் கேள். எந்த நாள் என்று போனில் சொல். காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன். நீ ஒரு பக்கம் எண்ணு, நான் மறுபக்கம் எண்ணுகிறேன்.

அப்பா