சூப்பர்சோனிக்ஸ் வரலாற்றைச் சியாட்டிலுக்கே எழுதித் தாருங்கள்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.-வின் ஆட்சிக்குழுவில் உள்ள அணி உரிமையாளர்களுக்கு வணக்கம்.

சியாட்டிலுக்கு மீண்டும் ஓர் அணி வருமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் புதிய அணி லீக்கில் சேரச் செலுத்தும் நுழைவுக் கட்டணம், அரங்கம், தொலைக்காட்சி வருவாய் ஆகியவையே கணக்கில் எடுக்கப்படுகின்றன. 1967 முதல் 2008 வரை அந்நகரில் 41 பருவங்கள் ஆடிய சூப்பர்சோனிக்ஸ் அணியின் வரலாறு யாருக்கு உரியது என்பதையும் தீர்த்துவைக்குமாறு கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

அணியின் பெயரே அந்த ஊரின் பிழைப்பிலிருந்து வந்தது. போயிங் நிறுவனம் அங்கே உருவாக்க முனைந்த, ஒலியை விஞ்சும் பயணிகள் விமானத் திட்டம் 1971-இல் கைவிடப்பட்ட பிறகும் பெயர் அணியிடம் தங்கிவிட்டது. அதே ஆண்டில்தான், பள்ளிப் படிப்பு முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகாத எவரும் ஆடக் கூடாது என்ற உங்கள் விதியை எதிர்த்த எங்கள் அணியின் ஆட்டக்காரர் ஸ்பென்சர் ஹேவுட், உச்ச நீதிமன்றம் வரை சென்று சாதகமான உத்தரவு பெற்றார். இன்று இருபது வயதுக்குள் உங்கள் லீக்கில் கால்வைக்கும் இளைஞர்களுக்கு வழி திறந்தது அந்த வழக்கே.

1977-78 பருவத்தில் முதல் 22 ஆட்டங்களில் ஐந்தை மட்டுமே வென்றிருந்த அணியை லென்னி வில்கன்ஸ் பயிற்சியாளராக ஏற்று, அதே பருவத்தில் இறுதிச் சுற்றுக்குக் கொண்டுசென்றார். வாஷிங்டனுக்கு எதிரான ஏழாவது ஆட்டம் சொந்த மண்ணில் நடந்தது. அன்று எங்கள் ஆட்டக்காரர் டென்னிஸ் ஜான்சன் எறிந்த 14 பந்துகளில் ஒன்றுகூடக் கூடையில் விழவில்லை, அணி தோற்றது. மறு ஆண்டு அதே வாஷிங்டனை நான்குக்கு ஒன்று என வென்று கோப்பையைக் கைப்பற்றியபோது, இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவரும் அதே ஜான்சன்தான். அந்தத் தோல்வியையும் வெற்றியையும் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டையும் சேர்த்துச் சுமந்தது அந்த ஒரே ஊர்.

எங்கள் ஆட்டக்காரர்கள் கேரி பெய்ட்டனும் ஷான் கெம்ப்பும் 1996-இல் இறுதிச் சுற்று வரை சென்றதை நீங்களே அறிவீர்கள். பத்தாண்டுக்குப் பின் அணி 35 கோடி டாலருக்குக் கைமாறியது. 2008 ஏப்ரல் 13 அன்று நடந்த கடைசி உள்ளூர் ஆட்டத்தில், அணியைக் காப்பாற்றக் கோரி முழங்கிய கூட்டத்தை நோக்கிப் புதுமுகமான கெவின் டுராண்ட் கைகளை உயர்த்தி ஊக்கப்படுத்தியது இன்றும் என் கண்முன் நிற்கிறது.

அவ்வாண்டு ஜூலையில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அணி ஓக்லஹோமா நகரத்துக்கு இடம்பெயர்ந்தது; பெயரும் நிறமும் சியாட்டிலில் தங்கின. வரலாறு மட்டும் அந்நகரத்துடன் பகிரப்பட்டது. அதனால் 2025-இல் அந்நகரம் வென்ற கோப்பை, உங்கள் பதிவேட்டில் இரண்டாவதாக எண்ணப்படுகிறது. அவ்வூர் ரசிகர்கள்மீது எனக்கு மனக்குறை இல்லை. அவர்களுடைய மகிழ்ச்சிக்குக் கடன்வாங்கிய கோப்பை தேவையில்லை என்றே கருதுகிறேன்.

இதற்கு முன்னுதாரணமும் உங்களிடமே உள்ளது. நியூ ஆர்லியன்ஸ் அணியின் கணக்கில் இருந்த 1988 முதல் 2002 வரை ஷார்லட் நகரில் ஆடிய ஹார்னெட்ஸ் அணியின் வரலாற்றை, 2014-இல் நீங்கள் ஷார்லட்டுக்கே திருப்பி அளித்தீர்கள். அங்கே செய்ய முடிந்ததை இங்கே மறுக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வில்கன்ஸின் சிலை 2025-இல் சியாட்டில் அரங்கத்தின் வெளியே நிறுவப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அவர் காலமானார். ஆகவே, சியாட்டிலுக்கு அணி வழங்கும் தீர்மானத்திலேயே, 1979 கோப்பையும், ஓய்வளிக்கப்பட்ட சட்டை எண்களும், 41 பருவங்களின் பதிவுகளும் அவ்வணிக்கு மட்டுமே உரியவை என்று எழுதிச் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சூப்பர்சோனிக்ஸ் ரசிகன்