தேன்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரை

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. மகளுக்கு மட்டக்களப்புக்கே இடமாற்றம் வந்தது பெரிய நிம்மதி. இனிப் பேரனும் பக்கத்தில் இருப்பான். ஆனால் நித்திரை இல்லை, விடிய மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது என்று எழுதியதை வாசித்ததும் மனம் கஷ்டப்பட்டது. தேன்பெட்டிகளுக்கு மேல் கட்டில் போட்டுப் படுத்தால் நோயெல்லாம் போகும் என்று யாரோ சொன்னார்களாம், உண்மையா என்று கேட்டிருக்கிறாய். மச்சான், நான் ஏழெட்டு மாதமாகத் தேனீக்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து வருகிறேன். உனக்குத்தான் இன்னும் எழுதவில்லை.

என் மனைவி காலமாகி, வருகிற ஆவணியோடு இரண்டு வருடம். வீட்டில் ஒரு பக்கம் ரயில் சத்தம், மறுபக்கம் புதிதாக எழும்புகிற அடுக்குமாடிக்குத் தூண் இறக்குகிற சத்தம். அது எல்லாம் ஓய்ந்த பிறகு வருகிற அமைதி அதைவிடத் தாங்க முடியாதது. பிரஷரும் கூடியது. டொக்டர் குளிசையை மாற்றித் தந்துவிட்டு, பின்னேரங்களில் வீட்டை விட்டு எங்கேயாவது போங்கள் என்றார். போவதற்கு இடம் தேடித்தான் பொரலஸ்கமுவவில் இருக்கிற பழைய அலுவலக நண்பர் வீட்டுக்குப் போனேன். என்னைவிட மூத்தவர், சிங்களத்தில் அண்ணா என்கிற மாதிரி 'அய்யே' என்றுதான் கூப்பிடுவேன். வீட்டுக்குப் பின்னால் ஜம்பு மரத்தடியில் நான்கு தேன்பெட்டி வைத்திருக்கிறார். எறும்பு ஏறாமல் இருக்க ஒவ்வொரு காலுக்கும் கீழே தண்ணீர்ச் சிரட்டை. ஒரு கதிரையைப் பெட்டிக்குப் பக்கவாட்டில் போட்டு, "கொஞ்ச நேரம் இருங்கள்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு பிளேன்ரீ போடப் போய்விட்டார்.

முதலில் பயம்தான். கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். தேனீக்குப் பக்கத்தில் அவசரப்பட முடியாது. எழும்புவதென்றாலும் மெதுவாக, திரும்புவதென்றாலும் மெதுவாக. மனம் ஓடிக்கொண்டிருந்தாலும் உடம்பு முதலில் அடங்கிவிடுகிறது. பிறகு மூச்சு. பத்துப் பதினைந்து நிமிடம் போனதும் நான் எதையுமே யோசிக்காமல் இருந்திருக்கிறேன் என்பது தெரிந்தது. இவள் போன பிறகு அப்படி ஒரு கால்மணி நேரம் எனக்கு வாய்த்ததே இல்லை.

ஐந்து மணிக்குப் பிறகுதான் நல்ல நேரம். பெட்டி வாசலில் ஐந்தாறு தேனீக்கள் வரிசையாக நின்று சிறகடிக்கும். வெளியே பறந்து போகாது, நின்ற இடத்திலேயே விசிறும். ஐரோப்பியத் தேனீ கூட்டைப் பார்த்து நின்று உள்ளே இருக்கிற காற்றை வெளியே தள்ளுமாம். நம்முடைய நாட்டுத் தேனீ தலையை வெளிப்பக்கம் வைத்து நின்று, வெளிக்காற்றை உள்ளே அனுப்புகிறது. பூவிலிருந்து வருகிற சாறு பெரும்பாலும் தண்ணீர்தான். அது ஐந்தில் ஒரு பங்களவுக்குக் குறைந்தால்தான் தேன். அந்தத் தண்ணீரைப் போக்கவும், குஞ்சு இருக்கிற மெழுகு அடையை 35 பாகை அளவில் வைத்திருக்கவும்தான் இவ்வளவு விசிறல். அதன் சத்தம் ஒரே சுருதியில், தூரத்துக் கோயிலில் யாரோ தம்பூரா மீட்டுவதுபோல வரும். மெழுகும் இளந்தேனும் கலந்த ஒரு வாசனையும் வரும். வெயில் இறங்க இறங்க வருகிற தேனீக்கள் குறைந்து, இருட்டும்போது உள்ளே மட்டும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுவிட்டு வந்த நாட்களில் நான் ஐந்து மணிவரை தூங்கியிருக்கிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கட்டில் கதை பொய் இல்லை. ஸ்லோவேனியாவில் அப்படியான மரவீடுகள் இருக்கின்றன. அங்கே பெட்டிகளைச் சுவரில் லாச்சிபோல அடுக்கி, தேனீ வெளிப்பக்கத்தால் பறக்க, மனிதர் உள்ளே நின்று பின்பக்கத்தால் திறப்பார்கள். அதனால்தான் உள்ளே ஆள் படுத்திருக்கவும், நடுவில் வலை வைத்துக் கூட்டுக் காற்றைச் சுவாசிக்கவும் முடிகிறது. தேனீ அந்த நாட்டவருக்கு உயிர். 18ஆம் நூற்றாண்டில் வியன்னாவில் தேனீ வளர்ப்புக் கற்பித்த அன்டன் யான்ஷா அந்த மண்ணில் பிறந்தவர். 2018 முதல் மே 20 உலகத் தேனீ நாளாக இருப்பதும் அவர் நினைவாகத்தான். ஆனால் அந்தக் காற்று ஆஸ்துமாவைத் தீர்க்கும், பிரஷரைத் தீர்க்கும் என்று காசு வாங்கிக்கொண்டு சொல்பவர்களை நம்பாதே. என் பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, உண்மைதான். குளிசை மாறியது, பின்னேரம் வெளியே போகிறேன், கதைக்க ஒரு மனிதர் இருக்கிறார், தேனீயும் இருக்கிறது. இதில் எது எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியாது. குளிசையை ஒருநாளும் நிறுத்தவில்லை. நீயும் நிறுத்தாதே.

ஒருமுறை கொட்டும் வாங்கினேன். பெட்டி வாசலுக்கு நேரே, அதுகள் பறக்கிற வழியை மறித்து நின்றுவிட்டேன். கழுத்தில் ஒன்று. அய்யே ஓடிவந்து நகத்தாலேயே கொடுக்கைச் சுரண்டி எடுத்து, என்னை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். கொட்டின இடத்தில் வருகிற வாசனை மற்றத் தேனீக்களையும் கூப்பிடுமாம். அதில் வாழைப்பழ வாசனை தருகிற அதே பொருள் இருக்கிறது. அதனால் வாழைப்பழம் சாப்பிட்ட கையோடு அவர் யாரையும் பெட்டிக்குக் கிட்ட விடமாட்டார். எனக்கு வீக்கத்தோடு போய்விட்டது. ஆனால் சிலருக்கு ஒரே கொட்டில் மூச்சடைத்து உயிருக்கே ஆபத்தாகும். உன் மனைவிக்கு முன்பு குளவி கொட்டி உடம்பெல்லாம் தடித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால் வீட்டு முற்றத்தில் பெட்டி வைக்கிற யோசனையை விட்டுவிடு. காட்டோரத்துப் பெருந்தேனீக் கூட்டுக்குக் கிட்டவும் போகாதே. சிங்களத்தில் பம்பரா என்பார்கள். அது பெட்டிக்குள் அடங்குகிற இனம் இல்லை, கலைந்தால் கூட்டமாகத் துரத்தும்.

நீ மட்டும் இங்கே வா. மாசி, பங்குனியில் றப்பர் மரங்கள் புதுத் தளிர் விடும்போது அந்த இலைக்காம்பில் ஊறுகிற சாற்றுக்குத் தேனீக்கள் போகும். அய்யே இரண்டு பெட்டியை ஹொரணைப் பக்கம் கொண்டுபோய் வைப்பார், நாமும் கூடப் போகலாம். மற்ற மாதங்களில் இங்கே தென்னம்பாளைதான் அதுகளுக்குச் சோறு. தென்னை மாதம் ஒரு பாளை விடுகிற மரம் அல்லவா, பட்டினி இல்லை.

நீ உதயதேவி ரயிலில் ஏறினால், பின்னேரம் நான் கோட்டை ஸ்டேஷனில் நிற்பேன். வெள்ளை அல்லது வெளிர் நிறச் சட்டை இரண்டு கொண்டு வா, கறுப்பு வேண்டாம், அதுகளுக்குப் பிடிக்காது. சென்ற் பூசாதே. இரண்டாவது கதிரைக்கு அய்யேயிடம் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உன் மச்சான்