ஹாஸ்டலில் இருக்கும் பாப்பாவுக்கு

அன்பு பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது.

போனில் "ம்", "சரிம்மா" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. சின்னத்தை பேரனுக்கு மொட்டை போட்டாச்சு. நேரத்துக்குச் சாப்பிடு.

வாட்ஸ்அப்பில் இருந்த உன் படத்தை நீ எடுத்துவிட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிறது. ஏன் என்று நான் கேட்கவில்லை. வீடியோ கால் போட்டால் நெட் சரியில்லை என்கிறாய். சரி, இருக்கும்.

போன வாரம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு சைபர் கிரைம் போலீஸ் அம்மா ஒருவர் வந்தார். சத்துணவுப் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். "ஆன்லைனில் யாராவது உங்களைத் துன்புறுத்தியிருக்காங்களா?" என்றார். ஒரு கை எழவில்லை. அப்புறம், "யாரையெல்லாம் குரூப்பிலிருந்து ரிமூவ் பண்ணியிருக்காங்க? யார் முகத்தை ஸ்டிக்கர் ஆக்கியிருக்காங்க?" என்றார். எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் கை தூக்கிவிட்டார்கள். "சும்மா கலாய்க்கிறதுதான் மேடம்" என்றான் ஒரு பையன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் பக்கத்துப் பிள்ளை மட்டும் தூக்கிய கையைப் பாதியில் இறக்கித் தலையைச் சொறிந்துகொண்டது.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நீயும் அன்றைக்கு இதையேதான் சொன்னாய், "சும்மா கலாய்க்கிறாங்கம்மா" என்று. பெரியவர்கள் வைத்த பேர் பிள்ளைகள் வாயில் வருவதில்லை. வந்தாலும், சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம். நான் பிடுங்கினேனே.

அந்த அம்மா சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அடிக்கலாம். சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்களுக்கு நடப்பதைப் பேர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். எதையும் அழிக்கும் முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. வெளியே வரக் கூடாத படம் ஏதாவது என்றால், அது பரவாமல் தடுக்க ஸ்டாப் என்சிஐஐ என்று ஒரு தளம் இருக்கிறதாம். படம் நம் போனை விட்டுப் போகாது, அதற்கு ஒரு அடையாள எண் மட்டும்தான் போகும். பொதுவாகத்தான் சொல்கிறேன். ஸ்கிரீன்ஷாட் மறக்காதே.

நம் தெருவில் முதன்முதலில் இன்ஜினீயரிங் போன பிள்ளை நீ. யாருக்கும் பயந்தவள் இல்லை. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல மட்டும் ஏன் உனக்கு வாய் வருவதில்லை?

ஏன் என்று எனக்குத் தெரியும் பாப்பா.

2020-ல் உனக்குச் சடங்கு வைத்தபோது கொரோனா. இருபது பேர்கூட வரவில்லை. வராத சொந்தக்காரர்கள் பார்க்கட்டும் என்று நான்தான் ஸ்டேட்டஸ் வைத்தேன். உன் ஆன்லைன் கிளாஸ் நடந்ததும் அதே போனில்தான். உன் கிளாஸ் பிள்ளைகளின் அம்மாக்கள் நம்பரெல்லாம் அதில் இருந்தது. மறுநாள் காலையில் கிளாஸ் குரூப்பில் அந்த ஸ்டிக்கர் வந்தது. மஞ்சள் தண்ணிக்குக் கண்ணை இறுக்கி மூடிய உன் முகம், கழுத்தில் மாமா போட்ட மாலை பாதி அறுந்தாற்போல், கீழே "பெரிய மனுஷி".

பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, எங்கிருந்து போன படம் என்று. ஸ்டேட்டஸை அவசரமாக அழித்தேன். அழித்துவிட்டு உன்னைக் கூப்பிட்டு, "யாருக்குடி போட்டோ அனுப்பின?" என்று கன்னத்தில் அறைந்தேன். அனுப்பவில்லை என்று சாமி மேல் சத்தியம் பண்ணினாய். அப்பா முன்னாலும் நான் வாயைத் திறக்கவில்லை. இந்த ஐந்து வருஷமும் திறக்கவில்லை.

இப்போது உனக்கு என்ன நடந்திருந்தாலும், நீ எதையாவது அனுப்பியே இருந்தாலும், நான் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டேன்.

அந்தச் சடங்குப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. வைத்துக்கொள்ளவா, அழித்துவிடவா? நீ சொல்.

அம்மா