விஜிஏ கார்ட் விக்கிறவங்க முதல்ல கம்பியூட்டர் கேஸ பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டன், பண்டாரவளை, நுவரெலியா எங்க போனாலும் இப்ப ஆபீஸ்ல பாவிச்சு கழிச்ச சின்ன கேஸ் கம்பியூட்டர்தான் நம்ம பிள்ளைங்க வாங்குறது, வெலை குறைவு, குத்தம் சொல்ல ஒன்னுமில்ல. ஆனா கேம் வெளாடணும், வீடியோ எடிட் பண்ணணும்னு அதே பிள்ளை திரும்ப போனா, என்ன கேஸ், பவர் சப்ளை எத்தன வாட்னு ஒரு வார்த்த கேக்காம ஸ்கிரீன்ல படம் ஓட்டுற விஜிஏ கார்ட்ல பெருசா ஒன்ன தூக்கி குடுத்துடுறாங்க. எங்க அக்கா மகனுக்கு அப்படித்தான், தீபாவளி அட்வான்ஸ்ல வாங்குன கார்ட் கேஸுக்குள்ளயே போகல, ஏன்னா அந்த கேஸுக்கு லோ ப்ரொஃபைல்னு சொல்ற உயரம் கொறஞ்ச கார்ட்தான் சரிவரும். பில்லுல வித்த சாமான் திரும்ப எடுக்க மாட்டோம்னு அடிச்சிருக்கு, பிறகு யார்கிட்ட போய் சொல்ல?

மதர்போர்ட்ல கார்ட் குத்துற ஸ்லொட் கூடினது 75 வாட்தான் குடுக்கும். அதுக்கு மேல இழுக்குற கார்ட்டுக்கு பவர் சப்ளையில இருந்து தனியா 6 பின், 8 பின் வயர் வரணும், ஆபீஸ் மெஷின் நெறயத்துல அது கெடையாது. ஜிடிஎக்ஸ் 1650ன்ற ஒரே பேர் கார்ட்லயே சிலது வயர் இல்லாம ஓடும், சிலதுக்கு 6 பின் வேணும். ஜிடி 1030 இன்னும் மோசம், ஒரே பேர்ல ரெண்டு வகை வந்திச்சு, டிடிஆர்4 மெமரி போட்டது ஜிடிடிஆர்5 போட்டதுல ஏறக்குறைய மூனுல ஒரு பங்கு வேகத்துலதான் டேட்டாவ எடுக்கும், பெட்டிய திருப்பி பாக்காம வாங்கினா போச்சு.

உண்மைய சொன்னா பாதி பேருக்கு கார்ட்டே தேவப்படாது. மெஷினோடயே வர்ற ஒன்போர்ட் விஜிஏவுக்கு சொந்த மெமரி இல்ல, மெஷின்ல இருக்குற ரேம்லதான் பங்கு எடுக்கும், அதனால ஒத்த ரேம் மட்டும் போட்டிருந்தா அதே மாதிரி இன்னொன்னு போட்டு ரெண்டும் சேந்து ஓடுற டூயல் செனல் ஆக்கினாலே சின்ன கேம்ல வித்தியாசம் தெரியும், சூம் கிளாஸுக்கும் பாடத்துக்கும் அது தாராளம். ஆனா இத சொன்னா கடைக்கு என்ன லாபம்?

கார்ட் போட்ட பிறகும் மொனிட்டர் வயர பழைய எடத்துலயே, மதர்போர்ட்லயே குத்தி வச்சிட்டு ஒரு மாத்தமும் இல்லனு சொல்றவங்க இருக்காங்க, வயர் கார்ட்ல குத்தணும்பா.

விக்கிறவங்க கார்ட் பேரோட மெமரி வகை, எத்தன வாட், எந்த கேஸுக்குனு பில்லுலயே எழுதி குடுக்கணும். உங்க ஞாயிறு பேப்பர்ல இத பத்தி அரப் பக்கம் போட்டீங்கன்னா தோட்டத்து பிள்ளைங்க வெட்டி எடுத்துக்கிட்டே கடைக்கு போவாங்க.

இப்படிக்கு,
தலவாக்கலை வாசகர்