வல்லூறை விரட்டாதீர்கள், தீனித்தட்டை எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் தெருவில் ஒரு தரைவீட்டுப் பின்பக்கத்தில் பறவைகளுக்குத் தீனித்தட்டு தொங்குகிறது. அதற்கு வரும் புறா, மைனாக்களைத் தேடி இப்போது ஒரு கொண்டை வல்லூறும் வர ஆரம்பித்திருக்கிறது. அது ஒரு புறாவைத் தூக்கியதிலிருந்து அக்கம்பக்கத்தில் இதே பேச்சுதான்: கம்பால் விரட்ட வேண்டும், கூண்டு வைத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும், பிள்ளைகளைக் கொத்திவிடும். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது.

எங்கள் சமையலறைச் சன்னலிலிருந்து அதை நன்றாகப் பார்க்கலாம். கிட்டத்தட்டக் காகம் அளவுதான் இருக்கும், மஞ்சள் கண், தொண்டை நடுவில் மையால் இழுத்ததுபோல் ஒரு கோடு, வயிற்றில் பழுப்புப் பட்டைகள். மாமரத்து இலைகளுக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்து, புறாக்கள் தலையைக் குனிந்து கொத்துகிற நேரம் பார்த்துப் பாய்கிறது. இறக்கை குட்டை, வால் நீளம், அதனால் கிளைகளுக்கு நடுவே சட்டென்று வளைந்து பறக்க முடிகிறது. காட்டுப் பறவைதான், ஆனால் இப்போது நம் ஊர்ப் பூங்காக்களிலும் கூடு கட்டுகிறது. கூட்டில் குஞ்சு இருந்து நாம் பக்கத்தில் போனால் சீறி வரலாம், மற்றபடி மனிதர்களை அது சீண்டுவதில்லை. எலியையும் பிடிக்கும் என்பதைப் புகார் சொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

தட்டில் தினமும் தானியம் கொட்டினால் புறா கூடும், புறா கூடினால் வல்லூறு வரும். இதில் அதன் தப்பு என்ன? 2020 ஜூன் முதல் காட்டுப் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் தீனி போடுவது சிங்கப்பூர் முழுக்கக் குற்றம், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். அனுமதியில்லாமல் அவற்றைப் பிடிப்பதும் குற்றம்தான்.

அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைப்பது நம் வழக்கம், அதைத் தொட்டால் பெரியவர்கள் வருத்தப்படுவார்கள், தெரியும். என் அம்மாவும் வைத்தவர்தான். ஆனால் மதில்மேல் சோறு பகல் முழுக்கக் கிடந்தால் காகத்தோடு புறாவும் வரும், இருட்டினால் எலி வரும், அப்புறம் எலிக்கு விஷம் வைப்போம், விஷம் தின்ற எலியைப் பிடித்தால் வல்லூறும் செத்துப்போகும். எங்கள் வீட்டில் இப்போது படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்துவிட்டு நாங்களே சாப்பிடுகிறோம். முன்னோர் கோபித்துக்கொள்வார்கள் என்று நான் நினைக்கவில்லை.

சரி, பறவை பார்க்க ஆசையா? கறிவேப்பிலையைப் பழுக்க விடுங்கள், கொண்டைக்குருவிகள் தானாக வரும். செம்பருத்திக்குத் தேன்சிட்டு வரும். தட்டே தேவையில்லை.

எங்காவது வல்லூறு அடிபட்டுக் கிடந்தால் வெறுங்கையால் தூக்காதீர்கள், நகம் கிழித்துவிடும். தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, ஆட்கள் வரும்வரை பூனை, நாய் நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சிராங்கூன் கார்டன்ஸ்