மெக்ரிட்சியிலிருந்து அப்பாவுக்கு

அப்பா, நல்லா இருக்கீங்களா, அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? ஞாயித்துக்கிழமை ஆனா எங்கடா போயிடுறன்னு போன்ல கேட்டீங்க, பேசிட்டிருக்கும்போதே லைன் கட்டாயிருச்சு, அதத்தான் எழுதுறேன்.

ரூம் பசங்க தேக்கா போவாங்க, நம்மாளுங்க கடைவீதி இருக்க லிட்டில் இந்தியாதான் அது, நானும் முன்னாடி அப்படித்தான். இப்ப மூணு மாசமா காலைலயே மெக்ரிட்சி ரிசர்வாயருக்குப் போயிடுறேன். நம்ம பேச்சுல சொன்னா பெரிய கண்மாய். சிங்கப்பூர்ல இருக்குறதுலயே பழசு, 1868ல கட்டி முடிச்சதாம். சுத்தி காடு. பஸ்ஸ விட்டு எறங்கி கொஞ்ச தூரம் உள்ள நடந்தா வண்டிச் சத்தம் அடங்கிடும், சில்வண்டு சத்தம்தான். குரங்கு நெறைய இருக்கு, ஆனா தீனி போட்டா ஃபைன்.

இந்தத் தீவுல அந்தக் காலத்துல காட்ட அழிச்சுத்தான் மிளகு, தோல் பதப்படுத்த உதவுற காம்பியர்ங்கிற செடி எல்லாம் போட்டிருக்காங்க, அப்புறம் ரப்பர், இப்பவும் பாதையோரம் பழைய ரப்பர் மரம் அங்கங்க நிக்குது. இங்க மட்டும் கண்மாய்க்கு வர்ற தண்ணி கெட்டுடக் கூடாதுன்னு சுத்தியிருக்க காட்டுல கைவைக்காம விட்டாங்க, அழிஞ்ச எடத்துலயும் திரும்ப மரம் வந்திருச்சு. தண்ணிக்காக மரத்தக் காப்பாத்தியிருக்காங்கப்பா. நம்ம கண்மாய்க்கரை மரத்த வெட்டக்கூடாதுன்னு நீங்க ஒத்தையா நின்னப்ப ஊரே ஒங்களத் திட்டுச்சு, எனக்கும் ஒங்க மேலதான் கோவம். நீங்க சொன்னதுதான்பா சரி. நேர்ல சொல்ல வாய் வராது, அதான் எழுதுறேன்.

காட்டுக்குள்ள மர உச்சி ஒசரத்துக்கு ஒரு தொங்குபாலம், 250 மீட்டர் நீளம், கீழ பாத்தா 25 மீட்டர் பள்ளம், மொத தடவ கால் நடுங்குச்சு, காத்து அடிச்சா லேசா ஆடும். அங்க நடந்து போயிட்டு வரவே அரை நாள் ஆயிடும். ஸ்கூல் பிள்ளைங்க ஓட்டப்பந்தயம் இந்தக் கரைலயும் நடக்கும், வயசானவங்க கூட வேர்க்க வேர்க்க ஓடுறாங்க. தண்ணில எறங்கிக் குளிக்க விடமாட்டாங்க, கயாக்னு சின்னப் படகு வாடகைக்கு உண்டு, போன வாரம் எடுத்தேன், நடுத்தண்ணில துடுப்ப நிறுத்திட்டு உக்காந்திருந்தப்ப நீங்க என்னைய முதுகுல தூக்கிட்டு நீந்துனது ஞாபகம் வந்திருச்சு.

தீபாவளிக்கு லீவு கேட்டிருக்கேன். மழை பிடிக்குறதுக்குள்ள நம்ம கண்மாய்க்கரைல வைக்கலாம், நர்சரில மருதங்கன்னு இருவது சொல்லி வைங்கப்பா, காசு நான் அனுப்புறேன்.